கயிறு பிடிக்க ஓர் ஆள்

மரக்காணம் உப்பளத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு என்று ஏதாவது தெரிந்தால் அது உப்புக் குவியலாக இருக்கும். அது அசைந்தால், யாரோ குந்திக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியொரு சப்பட்டையான பூமியில் பிறந்து, பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினை ஓட்டிப் பிழைக்கிற ஒருவனுக்குப் பாறை ஏறுகிற பைத்தியம் பிடித்தால் ஊர் என்ன செய்யும்? சிரிக்கும். ராஜாங்கத்தைப் பார்த்து ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

பைத்தியம் பிடித்த கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அது 2004 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜாங்கம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேலிகாத்தான் புதருக்குள் போயிருந்தான். எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லாரும் எதற்குப் போவார்களோ அதற்குத்தான்.

அப்போது மீனவர் குப்பத்துப் பக்கமிருந்து ஒரே சத்தம். ராஜாங்கத்தின் மனைவி பாஞ்சாலை வாசலுக்கு ஓடி வந்தாள். கடல் உள்ளே வருகிறது என்று கத்திக்கொண்டு ஜனங்கள் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். பாஞ்சாலை மகள் சங்கீதாவைத் தூக்கி டி.வி.எஸ். பிப்டியின் பின் சீட்டில் வைத்தாள். வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் புதரைப் பார்த்துக் கத்தினாள்.

"யோவ், இருக்கியா?"

ராஜாங்கத்துக்கு நன்றாகவே கேட்டது. பதில் சொல்லவில்லை.

"யோவ்! இருக்கியா?"

அதுவும் கேட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வேலையில் இருக்கும்போது குரல் கொடுக்கிற ஆம்பளை கிடையாது. ரொம்ப அவசரம் என்றால் ஒரு தடவை செருமுவான். வாயைத் திறந்து 'இருக்கேன்' என்று சொன்னால் மானம் போய்விடும். குப்பத்தில் கேட்பது மீன் ஏலச் சத்தம், வாசலில் மீன்காரி வந்திருப்பாள், இவள் காசு கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ராஜாங்கம் இன்னும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தான்.

மூன்றாவது தடவை அவள் கத்தியபோது குரல் உடைந்திருந்தது. அதற்கும் அவன் செருமக்கூட இல்லை. ஆள் அங்கே இல்லை, இன்ஜின் கொட்டகைக்குப் போய்விட்டான், அங்கிருந்து ரோட்டுக்கு ஓடியிருப்பான் என்று பாஞ்சாலை முடிவு கட்டினாள். காலடியில் கத்திக்கொண்டு நின்ற வெள்ளாட்டுக் குட்டியை வாரி வண்டியின் முன்னால் போட்டுக்கொண்டு ஓட்டினாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே ராஜாங்கம்தான்.

அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முகத்துவாரம் வழியாகத் தண்ணீர் உப்பளத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அவன் ஓடினான். பக்கத்தில் உயரமாக இருந்தது ஒன்றுதான். மழைக்காகப் பனங்கீற்று போட்டு மூடி வைத்திருந்த பழைய உப்புக் குவியல். அதன்மேல் ஏறி நின்றான்.

உப்பளத்திலேயே பிறந்த ஆளுக்கு உப்பு தண்ணீரில் கரையும் என்று தெரியாதா என்று பிறகு ஊர் முழுக்கக் கேட்டது. தெரியாமல் என்ன? ஏறும்போது நினைவு வரவில்லை. ஏறிய பிறகு, அடியில் குவியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து இளகியபோது, கால் கீழே இறங்க இறங்க, நன்றாக நினைவு வந்தது. இடுப்பளவு உப்புச் சகதியில் புதைந்து, காலில் இருக்கிற உப்பு வெடிப்பெல்லாம் பற்றி எரிய, தண்ணீர் வடியும் வரை அவன் அங்கேயே நின்றான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் குப்பத்தில் போனவர்களைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அதைப் பேச இந்த வாய்க்குத் தகுதி இல்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட முகாமில் பாஞ்சாலையைக் கண்டுபிடித்தான். மடியில் சங்கீதா, பக்கத்தில் வெள்ளச்சி. அதுதான் ஆட்டின் பெயர். பாஞ்சாலை எழுந்து அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான்.

"ஆட்டுக்கு எடம் இருந்திச்சி, எனக்கு இல்ல?" என்றான்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காலையிலிருந்து அழுது வீங்கிய முகங்கள், அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தன. பாவி மனுஷனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப் போயிற்று. அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். நிவாரணத்துக்கு வந்தவர்களிடம் சொன்னான், டீக்கடையில் சொன்னான், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொன்னான். பொண்டாட்டி ஆட்டைக் காப்பாற்றிவிட்டுப் புருஷனை விட்டுவிட்ட கதை கூனிமேடு வரைக்கும் போயிற்று. புதர்க் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்குத் தெரியாத புதர் உண்டா?

பாஞ்சாலை பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வாள். "வெள்ளச்சி கூப்புட்டா ஒரு கொரலாவது குடுக்கும்." அதைக் கேட்டதும் ராஜாங்கம் பேச்சை மாற்றிவிடுவான்.

பகலில் சிரிக்க வைத்தவனுக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் காலுக்கு அடியில் குவியல் இளகும். அலறிக்கொண்டு எழுந்து சிமெண்டுத் தரையைக் கையால் தட்டித் தட்டிப் பார்ப்பான். பாஞ்சாலை எழுந்து தண்ணீர் மொண்டு கொடுப்பாள்.

இதற்கு நடுவில் நிவாரண லாரிகள் வந்தன. எந்த தேசத்து மகராசன்கள் எதை நினைத்து அனுப்பினார்களோ, மரக்காணம் வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வந்தது, கழுத்து டை வந்தது. ராஜாங்கத்தின் கூட்டாளி பச்சமுத்து உப்பு மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு மூன்று டை கிடைத்தது. சிவப்பு டையைக் கட்டிக்கொண்டு லாரியில் லோடு ஏற்றினான். ராஜாங்கத்துக்குக் கிடைத்த பைக்குள் வழுவழுவென்று ஒரு சுருள் கயிறு, தொடை இரண்டையும் நுழைக்கிற மாதிரி இரண்டு பெல்ட், சில அலுமினிய வளையங்கள்.

"டேய், இருக்கறவங்களும் தொங்கிடுங்கடான்னு குடுத்திருக்கானுங்கடா" என்றான் பச்சமுத்து.

அந்தப் பையைப் பார்த்து எல்கா என்கிற ஜெர்மன்காரி சந்தோஷத்தில் கூச்சல் போட்டாள். இடையஞ்சாவடியில் ரூம் எடுத்துத் தங்கி, வீடு கட்டிக் கொடுக்கிற கோஷ்டியோடு வந்துபோன பெண். பார்க்க நம்ம ஊர் கோயில் தூண் மாதிரி இருப்பாள். அவளுடைய ஊரில் வாராவாரம் பாறை ஏறுவாளாம். இங்கே வந்த நாளிலிருந்து பாறையும் கிடைக்கவில்லை, கூட ஏற ஆளும் கிடைக்கவில்லை. அவள் தங்கியிருந்த பக்கம் எல்லாரும் தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே ஏறுகிறவர்களாக இருந்தார்களே தவிர, வெளியே ஏற ஒருத்தரும் வரவில்லை. பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ராஜாங்கத்திடம் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். "நீ ஏறும்? நான் பிடிக்கும். நான் ஏறும், நீ பிடிக்கும். பாறை எங்கே?"

பாறை கரையுமா என்று ராஜாங்கம் கேட்டான். கரையாது என்றாள். வர்றேன் என்றான்.

பாறை தேடி டி.வி.எஸ். பிப்டியில் இருவரும் அலைந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கிளியனூர் வரை போனார்கள், ஏரிக்கரையைத் தவிர மேடு இல்லை. திண்டிவனம் ரோட்டில் ஒரு கல்குவாரிக்குப் பக்கத்தில் அருமையான பாறை கிடைத்தது. ஒரு ஞாயிறு ஏறினார்கள். அடுத்த ஞாயிறு போனால் பாறையைக் காணோம். வெடி வைத்து உடைத்து ஜல்லியாக்கி லாரியில் அனுப்பிவிட்டார்கள். ராஜாங்கம் முதல்முதலாக ஏறிய பாறையின்மேல் இன்றைக்கு ஏதோ ஒரு ரோட்டில் பஸ் ஏறிக்கொண்டிருக்கும்.

கடைசியில் வழுக்குப்பாறை கிடைத்தது. உள்ளே ஒரு மண்ரோட்டில் போனால், முந்திரித் தோப்பைத் தாண்டி, இரண்டு பனைமர உயரத்துக்குத் தனியாக நிற்கிற கருங்கல் குன்று. பின்பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் நடந்து போகிற சரிவு வழி உண்டு. அது வழியாக மேலே போய், அங்கே இருக்கிற பெரிய குண்டுக்கல்லில் வளையத்தைக் கட்டி, அதற்குள் கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் முன்பக்கம் கீழே விட வேண்டும். ஒரு முனையை ஏறுகிறவன் இடுப்பில் கட்டிக்கொள்வான். மறுபக்கத்தைக் கீழே நிற்கிற ஆள், எட்டு மாதிரி இருக்கிற ஒரு வளையத்துக்குள் விட்டுப் பிடித்துக்கொள்வான். ஏறுகிறவன் ஏற ஏற, நிற்கிறவன் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுகிறவன் விழுந்தால் பிடித்து நிறுத்த வேண்டும். விட்டால் சங்குதான்.

"பின்னாடி வழி இருக்கறப்ப முன்னாடி எதுக்குடா தொங்கிக்கினு போற?" என்று பச்சமுத்து கேட்டான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்று. பாறை ஏறிய நாளில் அவன் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். கையும் காலும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த நினைப்பிலேயே உடம்பு அடங்கிவிடும். அந்த ஒரு ராத்திரிக்காக அவன் எந்தப் பாறையிலும் தொங்கத் தயாராக இருந்தான்.

எல்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஏறுவதற்கு முன் மேலே போகிறவன் 'பிடிச்சியா?' என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவன் 'பிடிச்சேன்' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஏறும்போதும் அப்படித்தான், கூப்பிட்டால் பதில் வர வேண்டும். ராஜாங்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவள் மேலிருந்து கேட்டால் இவன் தலையை ஆட்டுவான். அவள் அசைய மாட்டாள். "தலை வேண்டாம்! வாய்! வாய்!" என்று பாறையில் ஒட்டிக்கொண்டே கத்துவாள். ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு அவ்வளவு கூச்சம்.

"வெள்ளக்காரியோட ஞாயித்துக்கெழமையானா கயித்துல தொங்கிட்டு வர்றானாமே உங்கூட்டுக்காரன்?" என்று பாஞ்சாலையிடம் தெருவில் கேட்டார்கள்.

"தொங்கட்டும். வந்து தூங்கறான் இல்ல" என்றாள் பாஞ்சாலை. அதோடு தெரு வாயை மூடிக்கொண்டது.

சித்திரையில் எல்காவுக்கு விசா முடிந்தது. பையை ராஜாங்கத்திடமே கொடுத்துவிட்டு, அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டுவிட்டு, விமானம் ஏறிப் போய்விட்டாள். பாறை இருந்தது, கயிறு இருந்தது, கயிறு பிடிக்க ஆள் இல்லை. ராத்திரி மறுபடி குவியல் கரைய ஆரம்பித்தது.

முதலில் பச்சமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனான். உப்பு மூட்டை தூக்குகிற உடம்பு, யானையைக் கட்டினாலும் நிறுத்துவான். ராஜாங்கம் பாதி உயரம் போய்க் கீழே பார்த்தால், பச்சமுத்து கயிற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான்.

"டேய் பாவி! கயித்தப் புடிடா!"

"இருடா, காத்துல அணைஞ்சி அணைஞ்சி போவுது."

ராஜாங்கம் பல்லியாக ஒட்டிக்கொண்டு, பீடி பற்றுகிற வரைக்கும் தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னான். தெரியாத சிலதையும் சொன்னான்.

அடுத்தது ஆரோக்கிய பிரபு. உப்பு ஆபீசில் வேலை, பீடி சிகரெட் தொடாதவன், ஞாயிற்றுப் பூசை தவறாதவன். பிடித்தால் பிடித்தபடி நிற்பான் என்று நம்பி ராஜாங்கம் ஏறினான். நிற்கத்தான் நின்றான். ராஜாங்கம் ஒரு கால் வழுக்கி அந்தரத்தில் ஆடியபோது கீழே பார்த்தால், பிரபு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பியிருந்தான்.

"ஏம்பா பிரபு! கண்ணத் தொறப்பா!"

"நீ பயப்படாதண்ணா, மாதாகிட்ட சொல்லிட்டேன்!"

மாதா அன்றைக்குக் கைவிடவில்லை, அது வேறு. நல்ல வேளையாகக் கைக்கு ஒரு வெடிப்பு அகப்பட்டது. ராஜாங்கம் அப்படியே நடுங்கி நடுங்கி இறங்கி வந்து, இனிமேல் உன்னோடு வரமாட்டேன் என்று பிரபுவைக் கும்பிட்டான். கூனிமேட்டில் ஒரு பாயிடம் கேட்டுப் பார்த்தான். பாய் கயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, நல்ல கயிறு. விக்கிறியா? மீன்புடி போட்டுக்கு ஆவும்" என்றார்.

யாரைக் கேட்டாலும் கேட்பான், பாஞ்சாலையை மட்டும் கேட்கமாட்டான். விட்டுவிட்டுப் போனவளிடம் கயிற்றைக் கொடுப்பதா? ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்த கதையை அவனே ஒரு கட்டத்தில் நம்பிவிட்டான். புதருக்குள் தன் காதில் விழுந்த மூன்று குரலும் அவனுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது. ராத்திரியில் மட்டும் சில சமயம் ஞாபகம் வரும். அப்போது புரண்டு படுத்துக்கொள்வான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழை சாதாரண மழை இல்லை. உப்பள வேலை நின்றது, வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றது, ராஜாங்கம் கூரையைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. பொங்கல் வந்தது. சங்கீதா அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

காணும் பொங்கலன்று எங்கேயாவது போயே ஆக வேண்டும். வழக்கமாக ஊரே கடற்கரைக்குப் போகும். இந்த வருஷம் கடல் பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனசில்லை.

"பாறைக்குப் போலாம்" என்றாள் பாஞ்சாலை. "கயித்த நான் புடிக்கிறேன்."

ராஜாங்கம் சிரித்தான். "நீயா? அதுக்கு வெள்ளச்சிகிட்ட குடுத்துட்டு ஏறுவேன்."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் நகரவில்லை. "எத்தினி நாளு தூங்காம இருப்ப? செத்துடுவய்யா. வா, போலாம்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எழுந்தான். பையை எடுத்தான். புளிச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்ட பாஞ்சாலை, வெள்ளச்சியையும் அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

"அது எதுக்கு மே?"

"காணும் பொங்கலன்னிக்குத் தனியா வுட்டுட்டுப் போனா, திரும்பி வந்து யாரு ஊட்டுக் கொழம்புலன்னு தேடறது?"

ஆகவே வண்டியின் முன்னால் ஆடு, நடுவில் ராஜாங்கம், பின்னால் பாஞ்சாலை. இப்போது வெள்ளச்சி குட்டி இல்லை, கொம்பு முளைத்த குமரி. வழியெல்லாம் அது ராஜாங்கத்தின் மோவாயில் முட்டிக்கொண்டே வந்தது. இத்தனை நாள் என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசினாயே என்று கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு.

வழுக்குப்பாறைக்குப் போனதும் பின்பக்கமாக ஏறிக் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். வெள்ளச்சி அவன் பின்னாலேயே மேலே போய், இறங்க மாட்டேன் என்று அங்கேயே தழை மேய ஆரம்பித்துவிட்டது. கீழே பாஞ்சாலை வயற்காட்டுக்குப் போகிற மாதிரி புடவைக்கு மேல் அவனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகி, அதன்மேல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். ராஜாங்கம் எட்டு வளையத்துக்குள் கயிற்றை விட்டுக் காட்டினான். எந்தக் கை விடக்கூடாது என்று காட்டினான். திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"புரிஞ்சிதுய்யா. நீ ஏறு."

"புடிச்சியா?"

"புடிச்சேன்."

ஏறினான். ஒவ்வொரு பிடிக்கும் 'புடிச்சியா' என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் 'புடிச்சேன்' என்று வந்தது. பீடி இல்லை, ஜெபம் இல்லை. கீழே பார்க்கும்போதெல்லாம் இரண்டு கண்ணும் அவன்மேலேயே இருந்தன. ராஜாங்கத்துக்கு அது என்னவோ போல் இருந்தது. எல்கா இருந்த காலத்திலேயே அவனால் தாண்ட முடியாத இடம் ஒன்று உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, பிடிக்க ஒன்றுமில்லாத வழுக்கல். அங்கே கன்னத்தைக் கல்லில் ஒட்டி, விரல் நுனியால் துழாவி, ஒரு காலைத் தூக்கி வைத்தான். இன்னும் ஒரே ஒரு பிடிதான், கை உச்சியைத் தொட்டுவிடும்.

அப்போது உச்சியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தாடி, கொம்பு. அவன் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து, "மே..." என்றது.

ராஜாங்கம் கையை விட்டான்.

எல்கா அவன் எடைக்கு நின்றவள். பாஞ்சாலை அவனில் பாதி. இதை அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. கயிறு வெடுக்கென்று இறுகியது, பாஞ்சாலையின் கால் தரையை விட்டுக் கிளம்பியது. உருளையில் போட்ட இரண்டு குடம் மாதிரி அவன் இறங்க, அவள் ஏறினாள். புடவை பறக்க, "அய்யய்யோ, மாரியாத்தா, அடப்பாவி" என்று கத்திக்கொண்டே ஏறினாள். பாறையின் நடுவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ராஜாங்கம் ஒரு கையை வெடிப்புக்குள் விட்டுப் பிடித்துக்கொள்ள, இருவரும் மூக்குக்கு மூக்கு அந்தரத்தில் நின்றார்கள். மேலே வெள்ளச்சி தழையை மென்றபடி வேடிக்கை பார்த்தது.

அவள் கையைப் பார்த்தான். கயிறு உரசிய சூட்டில் உள்ளங்கை சிவந்து தோல் பிய்ந்திருந்தது. பிடி அப்படியே இருந்தது. விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வுட்டிருந்தா கீழயே இருந்திருப்பியேமே" என்றான்.

"வுட்டா நீ இன்னாத்துக்கு ஆவ?" மூச்சு வாங்கினாள். "அன்னிக்கும் நான் வுடலய்யா. மூணு தரம் கூப்புட்டேன். தொண்ட கிழியக் கூப்புட்டேன். நீ இல்ல."

ராஜாங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு முழ தூரத்தில் பொய் சொல்ல முடியவில்லை.

"இருந்தேன்" என்றான்.

"எங்க?"

"பொதர்லதான். கேட்டுச்சி."

"கேட்டுச்சா?"

"மூணும் கேட்டுச்சி. குந்திக்கினு இருந்தேன்மே. எப்படிக் கொரல் குடுக்கறது?"

பிறகு அவள் பேசியதை எல்லாம் நான் இங்கே எழுத முடியாது. அவன் பரம்பரை, அவன் குந்திய புதர், அவன் மானம், மூன்றையும் அவள் தனித்தனியாக விசாரித்தாள். அந்தரத்தில் தொங்குகிறவனால் ஓடவும் முடியாது. "ஒரு வருசமா ஊரு பூரா என்னப் பாத்து சிரிக்க வச்சியே! ஆடு ஆடுன்னு! ராத்திரி ராத்திரி உம் மூஞ்சியப் பாத்து, நாமதான் வுட்டுட்டு வந்துட்டமேன்னு அழுதுக்கினு இருந்தேன்யா நான்!" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வெடித்தது. ராஜாங்கமும் அழுதான். மூக்கைத் துடைத்துக்கொள்ள இருவருக்கும் கை இல்லை.

"தப்புதான்மே" என்றான். "எந்தப்புதான்."

அவள் தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். உச்சி அவ்வளவு தூரமாகத் தெரியவில்லை.

"நீ எறங்கு" என்றாள். "பாதி தூரம் என்ன இட்டாந்துட்ட. மீதிய நான் பாத்துக்கறேன். கீழ நின்னு புடி."

வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை அவனுக்கு அப்போது இல்லை. பாஞ்சாலை வெடிப்பில் காலை ஊன்றிக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க, அவன் வெடிப்பு வெடிப்பாகப் பிடித்துத் தரைக்கு இறங்கி, வளையத்துக்குக் கீழே கயிற்றில் முடிச்சுப் போடச் சொன்னான். அவள் ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டாள். உப்பு மூட்டைக்கு வாய் கட்டிப் பழகிய கை, முடிச்சு அசையவில்லை. அது வரை ராஜாங்கம் கீழே கயிற்றைத் தொய்ய விடாமல் இழுத்துப் பிடித்து நின்றான்.

அவள் ஏற ஆரம்பித்தாள். கயிற்று முனை அவன் இடுப்பிலேயே கட்டியிருந்தது. எட்டு வளையம் அவளிடம் இருந்தது. ஆகவே அவள் ஏற ஏறக் கயிறு தொய்யாமல் இருக்க அவனுக்கு ஒரே வழிதான், பாறையை விட்டுப் பின்னால் பின்னால் நடக்க வேண்டும். அவள் மேலே ஓரடி வைக்க, அவன் பின்னால் ஓரடி வைத்தான். தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்து பழகிய அவள் கால், கல்லை நன்றாகவே பிடித்தது. அவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அவன் அவளை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

பின்னால் வேலிகாத்தான் புதர் இருந்தது. முதல் முள் பின்தொடையில் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓரடி வைத்தான். அடுத்தடுத்து எங்கெங்கே ஏறியது என்று எழுதினால் நன்றாக இருக்காது. தலைக்கு மேல் கிளை மூடியது, இலை முகத்தில் விழுந்தது, மேலே இருக்கிறவளுக்கு அவனும் தெரியவில்லை, அவனுக்கு அவளும் தெரியவில்லை. கயிறு மட்டும் இடுப்பில் இறுகியிருந்தது.

பாஞ்சாலை அந்த வழுக்கல் இடத்துக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது. கயிறு அசையாமல் நின்றது. கீழே பார்த்திருப்பாள். ஆள் இருந்த இடம் காலி, வெறும் புதர். அவள் குரல் உடைந்து வந்தது.

"யோவ், இருக்கியா?"

ராஜாங்கம் அத்தனை முள்ளோடும் புதருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முந்திரித் தோப்பில் இருந்த காக்கையெல்லாம் பறக்கிற மாதிரி கத்தினான்.

"இருக்கேன்மே! இங்கதான் இருக்கேன்! புடிச்சிருக்கேன்!"

கயிறு தொய்ந்தது, அவள் மேலே ஓரடி வைத்துவிட்டாள். அவன் புதருக்குள் இன்னும் ஓரடி பின்னால் வைத்தான்.